கிறிஸ்தவமும் ஆலங்குளத்தார் கேள்வியும்

விருதுநகர் ஜில்லா ஆலங்குளத்திலிருந்து ஒரு வாலிபத் தோழர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். தம் பேரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருப்பதால் நாம் வெளியிடவில்லை. அவர் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். தகப்பனார் இல்லை. தாயாரும் தமக்கையும் பட்டாசு ஆபீசுக்குப் போய்க் கூலி வாங்கித்தான் இவரைப் படிக்க வைத்தார்கள். அந்தத் தமக்கை மருந்து அறையில் நடந்த ஒரு வெடிவிபத்தில் இறந்துபோனார். பெரிய தெருக்காரர் எவரும் எட்டிப் பார்க்கவில்லை. கிறிஸ்தவ உபதேசியார் ஒருவர் மாத்திரம் வந்தார். தரையில் உட்கார்ந்தார். தாயார் மொண்டு கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். அதன் பிறகும் வாரந்தவறாமல் வந்துகொண்டிருக்கிறார். தாம் பிறந்தது முதல் தம் வீட்டில் வெளித்தெருக்காரர் ஒருவர் தண்ணீர் குடித்துப் பார்த்ததேயில்லை என்று தோழர் எழுதுகிறார்.

அந்த உபதேசியார், கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் அறிவுக்கும் சண்டை இல்லை என்றும், பெரிய பெரிய விஞ்ஞானிகளெல்லாம் கிறிஸ்தவர்களாய் இருந்திருக்கிறார்கள் என்றும், தமிழன் கிறிஸ்தவனாவதால் பொங்கலையோ, குத்துவிளக்கையோ, தமிழையோ விட வேண்டியதில்லை என்றும், தமக்கை கர்த்தருடைய சித்தப்படி கர்த்தரிடம் போயிருக்கிறாள் என்றும் சொல்லுகிறாராம். இந்தக் கடைசி வார்த்தையால் தாயாருக்கு ஆறுதல் உண்டாயிருக்கிறது. மகனுக்கு ஆறுதல் உண்டாகவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரை அவரால் மறக்கவும் முடியவில்லை. ஆகவே, “நீங்கள் நாஸ்திகர்கள் ஆயிற்றே, நான் ஞானஸ்நானம் பெறலாமா, கூடாதா?” என்று நம்மைக் கேட்கிறார்.

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் “கூடாது” என்று எழுதிவிடுவது நமக்கு வெகு சுலபம். ஆனால் அப்படி எழுதுவது அந்தத் தோழருக்கும், அந்த உபதேசியாருக்கும் நாம் செய்யும் அநியாயமாகும்.

முதலாவது, தண்ணீர் விஷயம். ஒரு மனிதன் வீட்டுத் தண்ணீரை இன்னொரு மனிதன் குடிப்பது ஒரு பெரிய காரியமாய் இருக்கிறதென்றால், அந்தக் கேவலத்துக்கு நாம் எல்லோரும் வெட்கப்பட வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் அந்த உபதேசியார் குடித்தார் என்றால், அவர் மற்றவர்களைவிட யோக்கியமான மனிதர் என்றே நாம் சொல்லுவோம். அவர் ஆள் சேர்க்கத்தான் குடித்தார் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியே இருக்கட்டும். ஆள் சேர்க்கவாவது நீங்கள் ஒரு நாள் குடித்ததுண்டா என்று அவர்களைக் கேட்கிறோம். துக்க வீட்டுக்குப் போகாதவனுக்கு, போனவனுடைய எண்ணத்தை ஆராய்ச்சி செய்ய என்ன யோக்கியதை இருக்கிறது?

இரண்டாவது, அறிவோடு சண்டையில்லை என்கிற விஷயம். விசுவாசம் அறிவோடு பேசத் தயாராயிருக்கிறது என்று இன்று பாதிரிமார் பலர் சொல்லுகிறார்கள். நல்லது. ஆனால் பேச்சு என்றால் இரண்டு பக்கமும் வாய் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் காது இருக்க வேண்டும். ஒருவர் சொல்ல, மற்றவர் தலையாட்டினால் அதற்குப் பிரசங்கம் என்று பெயர். ஆகையால் கேட்கிறவனுடைய கேள்வி, சொல்லுகிறவரைக் கொஞ்சமாவது மாற்றுகிறதா என்று பார்த்தால்தான் அது பேச்சா, பிரசங்கமா என்பது தெரியும்.

இதற்கு இரண்டு பேருடைய சரித்திரத்தைச் சொல்லுகிறோம். முதலாமவர் தாமஸ் ராக்லண்ட் பாதிரியார். இவர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் 1841-ம் வருஷக் கணக்குப் பரீட்சையில் நாலாவதாகத் தேறியவர். அங்கேயே சௌகரியமான பதவியில் இருந்திருக்கலாம். அதை விட்டுச் சென்னைக்கு வந்து, 1854 முதல் வடதிருநெல்வேலிச் சீமையில், அதாவது இன்றைய சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில், கூடாரம் அடித்துக்கொண்டு வெயிலில் ஊர் ஊராய்ப் போய்ப் பிரசங்கம் செய்து, 1858 அக்டோபர் 22-ல் தம்முடைய 43-வது வயதில் சிவகாசியிலேயே உயிர்விட்டார். மதம் எதுவானாலும், இப்படி உழைத்தவரை நாம் இகழமாட்டோம்.

இரண்டாமவர் கொலென்சோ என்பவர். இவரும் அதே கேம்பிரிட்ஜில், 1836-ல், அதே கணக்குப் பரீட்சையில் இரண்டாவதாகத் தேறியவர். தென்னாப்பிரிக்காவில் நேட்டால் தேசத்துக்கு 1853-ல் பிஷப்பாகப் போனார். அங்கே ஜூலு பாஷையில் பைபிளை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கையில், ஜலப்பிரளயக் கதை வந்தது. மொழிபெயர்ப்புக்கு உதவி செய்துகொண்டிருந்த ஜூலுக்காரர் ஒருவர், உலகத்திலுள்ள குளிர்தேசத்து மிருகம், உஷ்ணதேசத்து மிருகம் எல்லாம் ஜோடி ஜோடியாய் வந்து ஒரு கப்பலில் ஏறியது மெய்தானா, அத்தனைக்கும் நோவா தீனி சேர்த்தது மெய்தானா என்கிற கருத்தில் ஒரு கேள்வி கேட்டார். கேட்டவர், வெள்ளைக்காரன் “காட்டான்” என்று சொல்லிவந்த ஜாதியைச் சேர்ந்தவர். கேட்கப்பட்டவர் கேம்பிரிட்ஜ் கணக்குப் புலி. “விசுவாசி, சும்மா இரு” என்று அவர் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

உட்கார்ந்து கணக்குப் போட்டார். மோசேயோடு எகிப்தைவிட்டுப் புறப்பட்டவர்களில் புருஷர்கள் மாத்திரம் 6 லட்சம் பேர் என்று பைபிள் சொல்லுகிறது. சபையார் எல்லோரையும் ஆசரிப்புக் கூடாரத்து வாசலில் கூட்டினதாகவும் அதே பைபிள் சொல்லுகிறது. அந்தக் கூடாரத்துப் பிராகாரமோ 100 முழ நீளம், 50 முழ அகலம். ஒரு முழம் ஒன்றரை அடியென்று வைத்தாலும் 150 அடிக்கு 75 அடி. ஆளுக்கு இரண்டு சதுர அடி கொடுத்து நெருக்கி நிறுத்தினால்கூட ஐயாயிரத்துச் சொச்சம் பேருக்குமேல் கொள்ளாது. நம் தோழர்கள் ஒரு களத்தை அடியால் அளந்து தாங்களே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இப்படிப்பட்ட கணக்குகளையெல்லாம் சேர்த்து 1862-ல் கொலென்சோ புத்தகமாக வெளியிட்டார். சபை என்ன செய்தது? கணக்குத் தப்பு என்று காட்டவில்லை. 1863-ல் அவரை மதத்துரோகி என்று தீர்த்துப் பதவியைவிட்டு விலக்கிற்று. 1865-ல் லண்டன் பிரிவி கௌன்சில்தான் அந்தத் தீர்ப்புச் செல்லாது என்று சொல்லிற்று. கலிலியோ விஷயத்திலோ, 1633-ல் அவரைத் தண்டித்த ரோமாபுரிச் சபை, தான் தவறினதை 1992-ல்தான் பகிரங்கமாக ஒத்துக்கொண்டது. பூமி மாத்திரம் அதற்காகக் காத்திருக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

இதை நாம் எதற்காகச் சொல்லுகிறோம்? ராக்லண்ட் கெட்டவர், கொலென்சோ நல்லவர் என்பதற்காக அன்று. கொலென்சோவும் சாகும்வரை கிறிஸ்தவராயும் பிஷப்பாயுமே இருந்தார். ஆனால் தம்மிடம் உபதேசம் கேட்க வந்தவனுடைய கேள்வி தம்மைத் தொடும்படி விட்டார். அந்த ஜூலுக்காரரின் கேள்விக்கு என்ன மதிப்பு உண்டோ, அதே மதிப்பு ஆலங்குளம் தோழரின் கேள்விக்கும் உண்டு. பெரிய விஞ்ஞானிகள் கிறிஸ்தவர்களாய் இருந்தார்கள் என்பது அதற்குப் பதிலாகாது. பெரிய விஞ்ஞானிகள் சுருட்டும் குடித்திருக்கிறார்கள். அதனால் சுருட்டு விஞ்ஞானமாகிவிடாது.

இனி, தமக்கை இறந்த விஷயம். இது துக்கமான விஷயமாகையால் நிதானமாகவே எழுதுகிறோம். தாயாருக்கு உண்டான ஆறுதலைப் பிடுங்க நமக்கு ஆசையில்லை. ஆனால் “கர்த்தருடைய சித்தம்” என்பதை ஒரு காரணமாக ஒப்புக்கொண்டால், அடுத்த வீட்டுத் தமக்கையைக் காப்பாற்ற வழியில்லாமல் போகும் என்பதைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது.

1755 நவம்பர் 1-ந் தேதி போர்த்துகல் தேசத்து லிஸ்பன் நகரத்தில் பூகம்பம் உண்டாயிற்று. அன்று சகல பரிசுத்தவான்கள் திருநாள். காலைப் பூஜைக்குக் கோயில்கள் நிறைந்திருந்தன. கோயில்கள் ஜனங்கள்மேல் இடிந்தன, நெருப்புப் பற்றிற்று, கடலும் பொங்கி வந்தது. மலக்ரிதா என்னும் பாதிரியார், இது கடவுள் கொடுத்த தண்டனை, ஜெபமும் தவமும் செய்யுங்கள் என்று பிரசாரம் செய்தார். மந்திரி பொம்பால் என்ன செய்தார் என்றால், தேசத்திலுள்ள ஒவ்வொரு பங்குக்கும் கேள்வித்தாள் அனுப்பி, எத்தனை நேரம் ஆடிற்று, எந்தப் பக்கமாய் ஆடிற்று, எத்தனை வீடு விழுந்தது, கடல் முதலில் ஏறிற்றா, இறங்கிற்றா என்று எழுதிக் கேட்டார். பூகம்ப சாஸ்திரத்துக்கு அந்தக் கேள்வித்தாள்கள் ஓர் ஆரம்பம் என்று இன்று அறிஞர்கள் சொல்லுகிறார்கள். அவைகளுக்குப் பதில் எழுதியனுப்பியவர்களும் பங்குப் பாதிரிமார்களே என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. கேள்வி ஒழுங்காய் இருந்தால் பாதிரியாரும் ஒழுங்காய்ப் பதில் எழுதுவார்!

நம் நாட்டிலேயே, 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமசுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக் கடற்கரையில் யாத்திரை வந்தவர்களை ஆழிப்பேரலை நூற்றுக்கணக்கில் வாரிக்கொண்டு போயிற்று. கோயிலுக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள். உடனே அதை அற்புதம் என்று சொன்னார்கள். அப்படியானால் வெளியே நின்ற குழந்தைகளின் சாவுக்கு என்ன பெயர் வைப்பது என்று எவரும் சொல்லவில்லை. சுமத்திராவுக்குப் பக்கத்தில் கடலடியில் பூமி அதிர்ந்ததற்கும், நம் கரையில் அலை ஏறினதற்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு செய்தி வந்திருந்தால் அத்தனை பேரும் மேட்டுக்குப் போயிருப்பார்கள். அந்தச் செய்தியைச் சொல்ல ஐதராபாத்தில் 2007-ல் ஒரு நிலையம் ஏற்பட்டது. இனி வரும் அலையிலிருந்து கிறிஸ்தவனையும், இந்துவையும், முஸ்லிமையும், நாஸ்திகனையும் வித்தியாசமில்லாமல் அதுதான் காப்பாற்ற வேண்டும்.

பட்டாசு ஆபீசிலும் சங்கதி இதுதான். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 30-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூருக்குப் பக்கத்தில் அச்சன்குளத்தில் 20-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மருந்துக்கு மதம் தெரியாது. உராய்ந்தால் பற்றும்; பற்றின அறையில் கூட்டம் அதிகமாயிருந்தால் சாவும் அதிகமாயிருக்கும். ஓர் அறையில் இத்தனை பேருக்குமேல் இருக்கக்கூடாது, இவ்வளவு மருந்துக்குமேல் வைக்கக்கூடாது, மரத்தடியிலும் வெட்டவெளியிலும் வேலை செய்யக்கூடாது என்பதெல்லாம் சட்டத்தில் இருக்கிறது. அதை மீறுகிறவனுக்கு “கர்த்தருடைய சித்தம்”, “தலைவிதி” என்கிற இரண்டு வார்த்தையும் வெகு சௌகரியமானவை. ஏனென்றால் சித்தத்தின்மேலும் விதியின்மேலும் யாரும் கேஸ் போட முடியாது. ஆகையால் அந்த உபதேசியார் மெய்யாகவே அந்தக் குடும்பத்துக்கு நல்லது செய்ய நினைத்தால், ஜெபத்தோடு நின்றுவிடாமல், அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஜில்லாக் கலெக்டரைக் கேட்டு ஒரு மனுவிலும் கையெழுத்துப் போடட்டும். அவர் போட்டால் அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் நம் கையெழுத்தும் இருக்கும்.

நிற்க. மூன்றாவது, தமிழர் பழக்கவழக்கங்களோடு சண்டையில்லை என்கிற விஷயம். கேட்பதற்கு இது இனிமையாகத்தான் இருக்கிறது. பொங்கலிலும் குத்துவிளக்கிலும் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பழக்கவழக்கம் என்கிற மூட்டைக்குள் என்னென்ன கட்டி வைத்திருக்கிறது என்பதை அவிழ்த்துப் பார்த்துவிட்டல்லவா அதை வாங்க வேண்டும்?

1606-ல் இத்தாலி தேசத்து ராபர்ட் டி நொபிலிப் பாதிரியார் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தினார், மாமிசத்தை விட்டார், தமிழும், தெலுங்கும், சமஸ்கிருதமும் படித்தார். தமிழில் வசன நூல்கள் எழுதினார். இதற்காக அவரை நாம் மெச்சுவோம். ஆனால் அவர் பூணூலும் குடுமியும் வெறும் நாட்டு வழக்கந்தான், மதமல்ல என்று வாதாடினார். முன்னமே கிறிஸ்தவர்களாகியிருந்த பரதவர்களின் கோயிலில் சேராமல், மேல்ஜாதியாருக்கென்று தனி வீடும் தனிக் கோயிலும் வைத்துக்கொண்டார். 1623-ல் ரோமாபுரியில் போப்பு 15-ம் கிரகோரியும் பூணூலுக்கும் குடுமிக்கும் அனுமதி கொடுத்தார். பிறகு மேல்ஜாதியாருக்கு ஒரு குருக்கள், கீழ்ஜாதியாருக்கு வேறு குருக்கள் என்று ஏற்பட்டது. 1744-ல் 14-ம் பெனடிக்ட் என்னும் போப்பு பல சடங்குகளை நிறுத்தினார். ஆனால் தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று தனியாகப் பாதிரிமாரை வைத்துக்கொள்ள அவரும் இடங்கொடுத்தார். பார்ப்பனியம் கிறிஸ்தவத்தோடு பேச உட்கார்ந்தது. பேசி முடித்து எழுந்திருக்கும்போது பூணூல் பத்திரமாகவே இருந்தது.

பிராட்டஸ்டண்டுகளாவது தப்பினார்களா என்றால், 1833-ல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வித்தியாசத்தை அறவே விட்டுவிட வேண்டுமென்று உத்தரவு போட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாய்ச் சபையை விட்டு விலகினார்கள். ஜாதியை விட முடியாது என்றவர்களுக்காக வாதாடியவர் யாரென்றால், தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் பாடிவரும் கீர்த்தனைகளைச் செய்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே. அவருடைய தமிழைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அவ்வளவு தமிழ் தெரிந்தும் பக்கத்தில் உட்கார்ந்தவன் மனிதன் என்பது தெரியவில்லையே என்றுதான் வருத்தப்படுகிறோம்.

திருநெல்வேலி ஜில்லா வடக்கன்குளத்தில் ஒரே பீடத்துக்கு முன் இரண்டு கால் போலப் பிரிந்த கோயிலைக் கட்டி, வெள்ளாளர் ஒரு பக்கமும் நாடார் முதலானவர்கள் மறுபக்கமும் இருக்க நடுவில் தடுப்பு வைத்தார்கள். 1910-ல் கௌசானல் பாதிரியார் அந்தத் தடுப்பை எடுத்துவிட்டார். வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பிஷப்பின்மேலேயே வழக்குப் போட்டுச் சென்னை ஹைக்கோர்ட்டு வரை போய்த் தோற்றார்கள். இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2008 மார்ச்சு 9-ல், அப்பொழுது விழுப்புரம் ஜில்லாவில் இருந்த எறையூரில், தாழ்த்தப்பட்ட கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று கேட்டதன் பேரில், வன்னியக் கத்தோலிக்கருக்கும் அவர்களுக்கும் கலகம் மூண்டு, போலீசார் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். இரு கட்சியாரும் ஒரே தாயாரின் கோயிலுக்குப் பிள்ளைகள். எந்தப் பக்கத்தார் செத்தாலும் செத்தவன் மனிதன். எந்த ஜாதி அவர்களைச் சாகடித்ததோ, அது மாத்திரம் சாகவில்லை.

கிறிஸ்தவத்தால் நன்மையே இல்லையா என்று கேட்டால், உண்டு என்று தாராளமாகச் சொல்லுவோம். நம் நாட்டில் தமிழ் எழுத்தை அச்சுக்கோத்து, பறையன் பிள்ளையையும் பள்ளிக்கூடத்துப் பலகையில் உட்கார வைத்தவர்கள் பாதிரிமார்களே. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் இல்லாதிருந்தால், தமிழ் வடமொழியின் பிள்ளை என்கிற கதையை ஒழிக்க நாம் இன்னும் வெகு காலம் உழைக்க வேண்டியிருந்திருக்கும். தென்திருவாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ள உரிமை கேட்டு அடிபட்டபோது, பாதிரிமார் அவர்கள் பக்கம் நின்றார்கள். 1859 ஜூலையில் மகாராஜா பிறப்பித்த உத்தரவிலும், மேல்ஜாதிப் பெண்களைப் போல் மாத்திரம் உடுத்தக்கூடாது என்று ஒரு வாலை ஒட்டித்தான் வைத்தார்கள். இந்தச் சம்பவங்களை எல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். கிறிஸ்தவர்கள் நாட்டு வழக்கத்தை எதிர்த்த இடங்களிலெல்லாம் நம் ஜனங்களுக்கு நன்மை உண்டாயிருக்கிறது. நாட்டு வழக்கத்தோடு சமாதானம் செய்துகொண்ட இடங்களிலெல்லாம் ஜாதிக்கு நன்மை உண்டாயிருக்கிறது.

இனி, சர்க்கார் செய்திருக்கும் வேடிக்கையையும் தோழர் அறிந்துகொள்ள வேண்டும். 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவுப்படி, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் வகுப்பு. 1956-ல் சீக்கியரையும், 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிம்களையும் இன்றுவரை சேர்க்கவில்லை. சென்னையில் தெருவோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பவர், மற்றத் தொழிலாளர்களுக்குக் கொடுத்த பெட்டிக்கடை தமக்குக் கிறிஸ்தவரென்பதால் மறுக்கப்பட்டது நியாயமா என்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1985-ல் அவருடைய மனு தள்ளப்பட்டது. மதம் மாறின பிறகும் அதே கொடுமை அதே அளவில் இருக்கிறது என்பதற்குப் போதுமான ருசு இல்லை என்றார்கள். செருப்புத் தைப்பதற்கு மாத்திரம் அவர் கிறிஸ்தவரான பிறகும் அதே தெருவோரந்தான் கிடைத்தது! தமிழ்நாட்டில் இவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இவர்களைப் பட்டியல் வகுப்பில் சேர்க்க வேண்டுமென்று தமிழ்நாட்டுச் சட்டசபையும் 2023 ஏப்ரலில் தீர்மானம் செய்திருக்கிறது.

சபையார் “கிறிஸ்துவுக்குள் ஜாதி இல்லை” என்கிறார்கள். சர்க்கார், “ஆமாம், ஜாதி இல்லை, ஆகவே சலுகையும் இல்லை” என்கிறது. ஊரார் மாத்திரம் “நீ யாரென்று எங்களுக்குத் தெரியும்” என்கிறார்கள். இந்த மூன்று பேரிலும் மெய்யைச் சொல்லுகிறவர்கள் ஊராரே என்பது எவ்வளவு வெட்கக்கேடு! ஞானஸ்நானத் தண்ணீர், பள்ளிக்கூட விண்ணப்பத்திலுள்ள சலுகையைக் கழுவுகிறது. சேரிக்குப் போகும் பாதையை அது கழுவுவதில்லை.

இவ்வளவு சொல்லுகிற நாம் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டாமா? 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் பெயருக்குப் பின்னால் ஜாதிப்பட்டம் போடுவதில்லை என்று தீர்மானித்தோம். 1931-ல் இதே விருதுநகரில் மாகாண மகாநாடு கூட்டினோம். பட்டம் போயிற்று, மெய்தான். ஆனால் மேடையில் கடவுளைத் திட்டிவிட்டு வீட்டில் பெண்ணுக்குச் சொந்த ஜாதியிலேயே மாப்பிள்ளை தேடுகிற “பகுத்தறிவுக்காரர்” நம்மில் இல்லையென்று நெஞ்சில் கை வைத்து எவரும் சொல்ல முடியாது. ஆலங்குளம் தோழரின் தமக்கை இறந்த வீட்டுக்கு உபதேசியார் போனார். பக்கத்து ஊர்ச் சுயமரியாதைக்காரர் ஒருவராவது போனாரா என்பதற்குத் தோழரின் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அந்த வார்த்தை இல்லாதது நம்மைச் சுடுகிறது. அவர் நம்மைத் திட்டி எழுதியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிராது.

ஆகவே, தோழருக்கு நாம் சொல்லுவது இதுதான். ஞானஸ்நானம் பெறுங்கள் என்றும் சொல்லமாட்டோம். பெறாதீர்கள் என்றும் சொல்லமாட்டோம். இந்து மதத்திலேயே இருந்து மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று நாம் சொன்னால் அது உங்களைப் பரிகாசம் செய்வதாகும். ஆனால் போவதற்கு முன்னால், அந்த நல்ல உபதேசியாரை உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார வைத்து, இன்னொரு செம்பு தண்ணீரும் கொடுத்து, சில கேள்விகளைக் கேளுங்கள்.

உங்கள் சபையில் கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? ஒன்றானால் நடுவில் சுவர் உண்டா? என் தாயார் இறந்தால் எந்தப் பக்கத்தில் வைப்பீர்கள்? உங்கள் சபையிலுள்ள மேல்ஜாதிக் குடும்பம் ஒன்று எனக்குப் பெண் கொடுக்குமா? கொடுத்ததுண்டா? திருவிழாத் தேர் எங்கள் தெருவுக்கு வருமா? சபையின் பணமும் பள்ளிக்கூட வேலையும் யார் கையில் இருக்கின்றன? தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பெரும்பகுதியார் எங்களவர்களாக இருக்க, பிஷப்புகளில் எங்களவர் எத்தனை பேர்? என் தமக்கை எதனால் செத்தாள் என்று கேட்க என்னோடு கலெக்டர் ஆபீசுக்கு வருவீர்களா? கடைசியாக, ஞானஸ்நானம் பெற்ற பிறகும் இப்படிக் கேட்க எனக்கு உரிமை உண்டா, அல்லது அது இன்று ஒரு நாளைக்கு மாத்திரந்தானா?

இவைகளுக்கு அவர் நேராகப் பதில் சொன்னால் அவரை நம்புங்கள். தெரியாது என்று சொன்னால் இன்னும் அதிகமாய் நம்புங்கள். கோபித்துக்கொண்டால் செம்பை வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். அவர் பதிலைக் கேட்டுவிட்டு நீங்கள் கிறிஸ்தவரானாலும் நமக்கு நீங்கள் தோழரே. கோயிலுக்குள் போய் நின்று இதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருப்பீர்களானால், வெளியே நின்று நாம் பத்து வருஷம் எழுதுவதைவிட அது பெரிய வேலையாகும். 2003-ல் போப்பு இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு பிஷப்புகளைப் பார்த்து ஜாதி வித்தியாசத்தைக் கண்டித்துப் பேசியதற்கும், உள்ளே இருந்த தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் வெகு காலமாய்க் கேட்டுக்கொண்டிருந்ததே காரணம் என்பது நம் அபிப்பிராயம்.

கடைசியாக ஒன்று. நம்மிடம் ஞானஸ்நானத் தொட்டி கிடையாது, மோட்சமும் கிடையாது. ஆனால் தண்ணீர் குடிக்க வாய் இருக்கிறது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்து நம் தோழர்கள் இந்த வாரமே ஆலங்குளத்துக்குப் போய், தாழ்த்தப்பட்டவர் தெருவில் துக்கம் கண்ட வீடு ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அந்த மருந்து அறையின் கணக்கையும் கேட்டு எழுதிவர வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். உபதேசியார் முந்திக்கொண்டார். அவரைப் பழிப்பதைவிட்டு, நாம் இனியாவது பிந்தாமல் இருப்போமாக.